முப்பது நாள் விருந்தாளி

அடுத்தவர் வீட்டில் துடைப்பம் பிடிக்கிறவளை இந்த ஊரில் மேசை, கதிரையோடு சேர்த்துத்தான் நினைப்பார்கள். அதனால் நாட்டு அரசியல் முழுவதும் அவள் காதுபடத்தான் பேசப்படும். பலேர்மோவில் மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. யார் யாரோடு கோபம், யாருக்கு எந்தக் கட்சி, யாருடைய மகன் எந்தப் பரீட்சையில் கோட்டை விட்டான் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியாதது போல் நிற்பதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

இத்தாலிக்குக் கடல் வழியாக வருகிறவர்களைப் பிடித்து முப்பது நாள் வரை பூட்டி வைக்கலாம் என்று புதுச் சட்டம் வந்ததிலிருந்து எல்லா வீட்டு மேசையிலும் அதுதான் பேச்சு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சட்டம் எனக்கு விளங்காது. ஆனால் அந்தப் பூட்டுக்குள் இருந்தவர்களில் ஒருவன் என் தம்பி குமரன். பன்னிரண்டு நாள் கடலில் கிடந்து இந்தத் தீவின் தெற்குக் கரையில் இறங்கியவனை, ஈர உடுப்போடு கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். முப்பது நாளுக்குள் கொழும்புக்கு விமானம் ஏற்றலாம். முடியாவிட்டால் விட்டுவிட வேண்டும். எது நடக்கும் என்று சொல்ல ஆளில்லை. கொழும்பில் இறங்கினால் விமான நிலையத்திலேயே அவனைக் கூட்டிக்கொண்டு போக வேறு ஆட்கள் நிற்பார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

வேலை வீடுகளில் நான் மூச்சு விடவில்லை. சொன்னால் வெள்ளிக் கரண்டிகளை எண்ணத் தொடங்குவார்களோ, வேலை போனால் என் பெர்மெஸ்ஸோவை, இங்கே இருக்கத் தந்த அனுமதியை, புதுப்பிக்க மாட்டார்களோ என்று பயம். நான் சும்மா இருக்கும்போதே பயப்படுகிறவள். இப்போது காரணமும் கிடைத்துவிட்டது.

எத்தனை நட்சத்திரம்

ஞாயிறு மத்தியானம் என்ஜினியர் வீட்டு மேசையில் எட்டுப் பேர். மத்தி மீன் போட்ட பாஸ்தாவை நான் தூக்கிக்கொண்டு போகிறேன். என்ஜினியர் முள்ளுக்கரண்டியில் குத்திய கத்தரிக்காய்த் துண்டை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கே அடைத்து வைத்திருக்கும் ஒவ்வொருவனுக்கும் அரசாங்கம் ஒரு நாளைக்குச் செலவழிக்கிற காசில் நல்ல ஹோட்டலில் அறை எடுக்கலாமாம். படுக்கை, மூன்று வேளைச் சாப்பாடு, செருப்பு, டெலிபோன் அட்டை எல்லாம் இவர் கட்டுகிற வரியாம். ஓய்வு பெற்ற வங்கி மனேஜர் ஒருவர், அந்த ஹோட்டல் மூன்று நட்சத்திரமா நான்கு நட்சத்திரமா என்று கேட்டார். அதிலேயே கால் மணி நேரம் போனது. பாஸ்தா ஆறியது.

அந்த நட்சத்திர விடுதியிலிருந்து முந்தின நாள்தான் தம்பி டெலிபோன் எடுத்திருந்தான். பதினாறு பேருக்கு ஒரு தகரக் கொட்டகை. வெயில் ஏறினால் உள்ளே இருக்க முடியாது, வெளியே வந்தால் நாலு பக்கமும் கம்பி. கொடுத்த செருப்பு இரண்டும் இடது கால். "மாத்தித் தாங்கோ எண்டு இத்தாலியனிலை எப்பிடிக் கேக்கிறது, சொல்லித் தாங்கோக்கா" என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன். அட்டை முடிந்துவிட்டது.

இதை நினைத்துக்கொண்டு பரிமாறியதில் எண்ணெய் மேசை விரிப்பில் சிந்தியது. என்ஜினியரின் மனைவி சிஞ்ஞோரா ரொசாலியா முறைத்தார். நல்ல வேளை, என்ஜினியரின் எண்பது வயது அத்தை மூலைக் கதிரையில் இருந்து குரல் கொடுத்து எல்லோரையும் தன் பக்கம் திருப்பினார்: "அவ்வளவு வசதியென்றால் என்னையும் அங்கே சேர்த்துவிடு, இந்த வீட்டில் எனக்கு டெலிபோன் எடுக்க ஒரு நாய் இல்லை."

ஓஸ்பிதே யார்?

இத்தாலியனில் எனக்கு முதலில் பாடமான சொற்களில் ஒன்று ஓஸ்பிதே. விருந்தாளி. காலையில் சிஞ்ஞோரா "ரோசா, இன்று ஓஸ்பிதி வருகிறார்கள்" என்றால் என் இடுப்பு அப்போதே நோகத் தொடங்கிவிடும். நல்ல பீங்கான் இறங்க வேண்டும், பல்கனி கழுவ வேண்டும், நாலு மணிக்கு முடிகிற வேலை ஏழு மணிக்கு முடியும். (என் பெயர் ராசமலர். மூன்று வீட்டிலும் ரோசா. மிச்சப் பெயரை அனுமதி புதுப்பிக்கிற பொலிஸ் கந்தோரில், குவெஸ்தூராவில், மட்டும்தான் வாசிப்பார்கள், அதுவும் தப்பாக.)

தம்பியை அடைத்த எட்டாம் நாள் வேலைக்கு லீவு சொல்லி, இரண்டு பஸ் மாறி அவனைப் பார்க்கப் போனேன். பையில் புட்டும் மீன் குழம்பும். வாசல் காவலர் ஒரு கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "உங்கள் ஓஸ்பிதே யார்?" என்றார். என் வீட்டில் யாரையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள் என்று பயந்து, "ஐயோ, எனக்கு ஓஸ்பிதே ஒருவரும் இல்லை" என்றேன். "நிச்சயமாகவா?" "மாதா சத்தியமாக." அவர் கொப்பியில் ஏதோ எழுதி மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடைத்து வைத்திருப்பவர்களுக்கு அங்கே அரசாங்கம் வைத்த பெயரே அதுதான் என்று, பின்னால் நின்ற துனீசியாக்காரி சொல்லித்தான் தெரிந்தது. கைதி என்று எழுதக் கூடாதாம், விருந்தாளி என்றுதான் எழுத வேண்டுமாம். விருந்தாளி இல்லை என்று நானே சத்தியம் பண்ணியதால் அந்தக் கிழமைக்கு என் முறை போய்விட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ தம்பி நிற்கிறான், இந்தப் பக்கம் நான் மீன் குழம்போடு நிற்கிறேன். "இந்தச் சிறைக்கு இத்தனை சட்டமா?" என்று அழுதபடி கேட்டுவிட்டேன். காவலர் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இது சிறை இல்லை சிஞ்ஞோரா, சிறைக்குள் போவதென்றால் முதலில் ஏதாவது குற்றம் செய்திருக்க வேண்டும்."

எல்லோருக்கும் ஆதரவு

காசு வாங்காமல் வந்த ஒரு இளம் வக்கீல் பெண் வழி சொன்னார். தம்பி அடைக்கலம் கேட்டு எழுதிய மனு நீதிபதியிடம் போகிறது. ஆனால் விலாசம் இல்லாதவனை முப்பது நாளுக்கு முன் வெளியே விட மாட்டார்கள், அதற்குள் விமானம் ஏற்றிவிடலாம். வீடு உள்ள ஒருவர், இவனுக்கு நான் இடம் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நானே போடலாம்; ஆனால் பழைய நகரத்து அல்பெர்கேரியாவில் நான் இருக்கும் அறைக்குக் காகிதம் கிடையாது. வீட்டுக்காரன் வாடகை வாங்குவான், ஒப்பந்தம் எழுத மாட்டான். பதிவின்படி அந்த அறையில் குடியிருப்பது செத்துப்போன அவனுடைய மாமி. இதில் இன்னொரு வேடிக்கை: இடம் கொடுக்கிறவருக்கும் இத்தாலியனில் ஓஸ்பிதே என்றுதான் பெயராம். விருந்து வைப்பவரும் அதுதான், விருந்துக்கு வந்தவரும் அதுதான். ஒரு ஓஸ்பிதேயை வெளியே எடுக்க இன்னொரு ஓஸ்பிதே வேண்டும்.

நான் நம்பியது செவ்வாய்க்கிழமை வீட்டுப் பேராசிரியையை. அவர் இந்தப் பூட்டி வைக்கும் சட்டத்துக்குப் பரம எதிரி. அவருடைய வரவேற்பறையில்தான் எதிர்ப்பாளர்கள் கூடுவார்கள். அன்று பன்னிரண்டு பேர். ஊர்வலத்தில் பிடிக்கிற துணியில் 'சிறை' என்று எழுதுவதா 'முகாம்' என்று எழுதுவதா என்று விவாதம். இரண்டு மணி நேரம், மூன்று தரம் கோப்பி, கம்பளத்தில் சிகரெட் சாம்பல். முகாம் கட்சிக்காரர் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், குடையை மறந்ததால் திரும்பி வந்தார். பேராசிரியை என்னைப் பார்த்து, "ரோசா, உங்கள் கருத்து என்ன?" என்றார். பன்னிரண்டு முகமும் திரும்பின. "நிலம் ஈரம், வழுக்கும்" என்றேன். அதைக்கூட ஒருவர் குறித்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, முதல் தடவையாக வாயைத் திறந்து தம்பியின் கதையைச் சொன்னேன். பேராசிரியை என் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மையான கண்ணீர், நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கையெழுத்தைக் கேட்டேன். கைகளை விட்டார். கண்ணைத் துடைத்தார். "ரோசா, நாங்கள் போராடுவது எல்லோருக்காகவும்; ஒருவரை மட்டும் வெளியே எடுத்தால் அது தனிச்சலுகை ஆகிவிடும்" என்றார்.

தக்காளி

இத்தாலியர்களை மட்டும் சொல்லி எங்கள் ஆட்களை விட்டால் அது நியாயம் இல்லை. பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நிற்கிறோம். செல்வராசா அண்ணை பத்து வருஷமாகப் பெர்மெஸ்ஸோ வைத்திருப்பவர். ஒரு டொக்டர் வீட்டில் சமையல். அவருக்கும் இந்தச் சட்டத்தைப் பற்றி அபிப்பிராயம் இருந்தது.

"பூட்டத்தான் வேணும்" என்றார். "இப்ப வாறவங்களாலைதானே எங்களுக்குக் கெட்ட பேர். ஒரு ஒழுங்கு முறை இல்லாமல் வந்து குவியுறாங்கள்."

"நீங்கள் என்ன ஒழுங்கிலை வந்தனீங்கள் அண்ணை? பிளேனிலை ஜன்னல் சீற்றோ?"

"அது அந்தக் காலம், பிள்ளை. நாங்கள் கஷ்டப்பட்டு வந்தனாங்கள்."

"என்ரை தம்பி பன்னிரண்டு நாள் உப்புத் தண்ணியிலை சுகமாக் கிடந்து வந்தவன்."

சுற்றி நின்றவர்கள் செருப்பைப் பார்த்தார்கள். நான் ஏன் கதைத்தேன் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அவர் எங்கேயாவது போய்ச் சொல்லி வைத்தால்? அண்ணை தொண்டையைச் செருமி அடுத்த பாயிண்டுக்குத் தயாரானார். அதற்குள் அவருடைய மனைவி, தலையில் போட்டிருந்த சீலைத் தலைப்பை இறக்கிக்கொண்டே சொன்னார்: "இவர் வந்தது லொறிக்குள்ளை, தக்காளிப் பெட்டியளுக்குக் கீழை, இண்டைக்கும் வீட்டிலை தக்காளியைத் தொடமாட்டார், ரசத்துக்கு நான்தான் பிழியிறன்."

ஏணி ஏறுவானா?

இருபத்திரண்டாம் நாள், பக்கத்துக் கொட்டகையிலிருந்து நாலு பேரை விமானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தம்பி டெலிபோனில் சொன்னான். அவன் குரலில் ஒன்றும் இல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று என்ஜினியர் வீட்டில் சட்டைகள் மினுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணீர் கொலரில் விழுந்து, இஸ்திரிப் பெட்டி பட்டு, சீ என்று ஆவி பறந்தது. சிஞ்ஞோரா ரொசாலியா கண்டுவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். இனி வேலை இல்லை என்று நினைத்து, ஏப்ரனைக்கூடக் கழற்றிவிட்டேன். சிஞ்ஞோரா உள்ளே போய்ப் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

என்ஜினியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று கேள்வி கேட்டார். வருத்தம், நோய் ஏதும் உண்டா? இல்லை. களவு எடுப்பானா? மாட்டான். ஏணி ஏறுவானா? இது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும், "ஏணி என்ன சிஞ்ஞோரே, பனை மரமே ஏறுவான்" என்றேன். பச்சைப் பொய். யாழ்ப்பாணத்தில் புத்தகக் கடையில் பில் எழுதியவன் அவன். பல்ப் மாற்றக் கதிரையில் ஏறினாலே தலை சுற்றும். என்ஜினியர் பேனாவை எடுத்தார். வக்கீல் தந்த தாளில், அழகான எழுத்தில், தன் கடற்கரை வீட்டு விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் வெட்கப்பட்டு, கையை இழுத்துக்கொண்டு சொன்னார்: "ஒருவனுக்குச் சும்மா சாப்பாடு போட்டு ஒரு வேலையும் வாங்காமல் வைத்திருப்பதுதான் ரோசா, என்னால் தாங்க முடியாத வீண்செலவு."

கடற்கரை வீடு

இருபத்தேழாம் நாள் தம்பி ஒரு பிளாஸ்டிக் பையோடு வெளியே வந்தான். விசாரணைக்குக் கூப்பிடும் வரை நாட்டில் இருக்கலாம் என்று கடிதம். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, பலேர்மோ வரும் வரை தூங்கினான். நான் அந்தக் கடிதத்தைப் பதினொரு தரம் எடுத்துப் பார்த்தேன். முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று.

அடுத்த சனிக்கிழமையே வேலை தொடங்கியது. மொந்தெல்லோவில் என்ஜினியரின் வீடு இரண்டு மாடி. உப்புக் காற்றில் சுவர் எல்லாம் பொருக்கு விட்டிருந்தது. வீட்டைச் சுற்றி இரும்பு வேலி, பெரிய கேற், எல்லாம் துரு. தம்பி பெயின்ற் வாளியோடு கண்ணை மூடிக்கொண்டு ஏணி ஏறினான். நான் கீழே நின்று ஏணியையும் அந்தோனியாரையும் பிடித்துக்கொண்டேன். என்ஜினியர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சிநேகிதர்களுக்கு அவனைக் காட்டி, "எங்கள் ஓஸ்பிதே" என்றார். அவர்கள் கைதட்டினார்கள். சம்பளப் பேச்சு யாரும் எடுக்கவில்லை. விருந்தாளிக்கு எப்படிச் சம்பளம் கொடுப்பது?

நாலாவது ஞாயிறு வேலியில் நின்றான். முகம், முடி எல்லாம் பச்சைப் பெயின்ற். கோபமா என்று கேட்டேன். சிரித்தான், பிடிபட்டதற்குப் பிறகு முதல் தடவையாக. "உள்ளை இருக்கேக்கை கம்பியை எண்ணிக்கொண்டு இருந்தனான் அக்கா, இப்ப ஒண்டையும் விடாமல் பெயின்ற் அடிக்கிறன்."

ஒரு ஆளைப் பூட்டி வைக்க அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று மேசைக்கு மேசை கேட்டுக் காது புளித்துப்போன எனக்கு, அவனைத் திறந்துவிட ஆகிற செலவு இரண்டு மாடிச் சுவரும் ஒரு வேலியும் ஒரு கேற்றும் என்பது இப்போதுதான் தெரிந்தது, அதுவும் இரண்டு பூச்சு.