கீழே விழுந்த பெயின்ட்

வின்ஸ் ஹோல்ராய்டு தீக்குப் பயப்படுகிற மனிதர். சர்க்கரை ஆலையில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஒரே ஒரு வெல்டிங் பொறி கரும்புச் சக்கையில் விழுந்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு புகைந்து புகைந்து ஒரு கொட்டகையையே தின்றதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர். அதனால், ஓய்வு பெற்ற கையோடு, பழைய பெயின்டை இளக்கச் சூடான காற்றை ஊதும் துப்பாக்கி, ஹீட் கன் ஒன்றை வாங்கி வந்தபோது, "என் கையில இது இருக்கிற வரைக்கும் ஒரு பலகை கருகாது" என்று மனைவி மெர்லிடம் சொன்னார். சொன்னபடியே ஒரு பலகையும் கருகவில்லை.

மேரிபரோவில் அவர்கள் வீடு தூண்கள் மேல் நிற்கிற பழைய மரவீடு. வீட்டுக்கு அடியில் அவருடைய ட்ரக் நிற்கும். அந்த நிழலில் மெர்லுடைய ஆறு கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். சுவர்ப் பலகைகளில் தொண்ணூறு வருஷத்துப் பெயின்ட், ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, வெடித்து, வாழைச் சருகு மாதிரி சுருண்டு நின்றது. அதை அடிவரை உரித்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும் என்பது மெர்லுடைய பல வருஷத்து ஆசை.

ஜூன் மாதம், அந்த ஊரில் குளிர்காலம், வெயில் இதமாக இருந்தபோது வின்ஸ் தொடங்கினார். பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கையில் தோல் உறை, முகத்தில் காகித மாஸ்க். துப்பாக்கியைப் பலகையில் ஒரே இடத்தில் காட்டிக்கொண்டு நிற்க மாட்டார், நகர்த்திக்கொண்டே இருப்பார். கீழே வைப்பதென்றால் மூக்கை வானம் பார்க்கத் தாங்கியில் நிறுத்திவிட்டுத்தான் வைப்பார். வேலை முடிந்து ஒரு மணி நேரம் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பலகை இடுக்குகளை உள்ளங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். பலகைக்குப் பின்னால் பழைய குருவிக் கூடு ஏதாவது கிடந்து கங்கு பிடித்துவிடக் கூடாதே!

எதிர்வீட்டு டேரல் கோக் தொழில்முறை பெயின்டர். இரண்டாம் நாள் தெருவைக் கடந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்ப்பா வின்ஸ், பெயின்டை டெஸ்ட் பண்ணிப் பார்த்தியா? இந்த வீடு நம்ம அப்பனுங்க பல்லு முளைக்கறதுக்கு முந்தி கட்டினது. அடி அடுக்கு பூரா ஈயம் கலந்த பெயின்டாத்தான் இருக்கும், அது விஷம்."

"இருந்துட்டுப் போகட்டும். நான் என்ன அதை நக்கவா போறேன்?"

"நக்க வேணாம். சூடு ஏறிப்போனா அதுவே மூக்கு வழியா உள்ள போகும். சூட்டைக் குறைச்சு வை. பெயின்ட் இளகினாப் போதும், புகையக் கூடாது. இந்தக் காகித மாஸ்க்கைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கு. கீழ பிளாஸ்டிக் விரி. விழறதை அன்னன்னிக்கே சுருட்டிப் பையில கட்டிடு."

"நீ மணிக்கணக்குல கூலி வாங்கறவன். விரிக்கவும் சுருட்டவும் உனக்கு நேரம் இருக்கு."

டேரல் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் வாசல் கதவோரம் ஒரு பிளாஸ்டிக் சுருள் கிடந்தது. வின்ஸ் அதை இரண்டு நாள் விரித்தார். காற்றில் படபடவென்று அடித்துக் காலைச் சுற்றியது. ஏணியின் காலும் அதில் வழுக்கியது. மூன்றாம் நாள் அதை எடுத்து விறகுக் குவியலுக்குப் போர்த்திவிட்டார். அதே வாரம் துப்பாக்கியின் சூட்டுத் திருகையும் கடைசி எண்ணுக்குத் திருப்பினார். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, சுரண்டியை வைத்ததும் நாடா நாடாவாக உரிந்தது. இனிப்பாக ஒரு வாடை வந்தது. சாயங்காலம் தலை வலித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

செதில்கள் வீட்டைச் சுற்றி மண்ணில் விழுந்தன. பச்சை, பழுப்பு, அடியில் வெள்ளை. கோழிகள் ஓடிவந்து கொத்தின.

"பாரேன், சோளப் பொரின்னு நினைச்சுடுச்சுங்க" என்றார் வின்ஸ்.

"துப்பிடும்" என்றாள் மெர்ல்.

பக்கத்து வீட்டில் டாம்சின் வாடகைக்கு இருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு மூன்று வயது மகள், எல்கா. புருஷன் எங்கோ வடக்கே சுரங்கத்தில் இருந்தான், வருவதில்லை. டாம்சின் கணக்காக வாழ்கிறவள் என்று தெரிந்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் கூச்சப்படுவாள் என்று, வின்ஸ் வேலி வழியாக முட்டை கொடுப்பார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். குழந்தை வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தும்: "வின்! மூட்டை!"

"மூட்டை இல்லடி கண்ணு, முட்டை. மூட்டைன்னா உன்னைத்தான் கட்டித் தூக்கிட்டுப் போகணும்."

"வின்ஸ், நீங்க இவளைக் கெடுக்கறீங்க. இப்பல்லாம் கடை முட்டையைத் தொட மாட்டேங்கறா" என்பாள் டாம்சின். அதைக் கேட்க அவருக்குப் பெருமையாக இருக்கும். சில மதியங்களில் குழந்தை வேலிச் சந்தில் நுழைந்து வந்து, கோழிகளோடு அதே மண்ணில் உட்கார்ந்து விளையாடும்.

ஆகஸ்டில் ஒரு கோழி நடக்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. இரண்டாவது கோழி கழுத்தைத் தூக்கவில்லை. எச்சம் பச்சையாகப் போயிற்று. மெர்ல் இரண்டையும் அட்டைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொள்ள, வின்ஸ் ஓட்டிக்கொண்டு போனார். கால்நடை மருத்துவர் இளம்பெண். கோழியின் அலகைத் திறந்து பார்த்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்.

"வீட்ல பெயின்ட் உரிக்கிற வேலை ஏதாவது நடக்குதா?"

"ஆமா, சுவர்ப் பெயின்டை உரிக்கறாரு." மெர்ல் சொன்னாள்.

"ஈயமா இருக்கலாம், கோழி ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பறேன்" என்றாள் மருத்துவர். "முடிவு வர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் முட்டையை யாரும் தொடாதீங்க. இதுவரைக்கும் யார் யார் சாப்பிட்டாங்க?"

"நாங்கதான்" என்றார் வின்ஸ் சட்டென்று.

வண்டியில் மெர்ல் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் பொய் சொன்னே?"

"முடிவு வரட்டும். ஒண்ணுமில்லாததுக்கு அந்தப் பொண்ணு வயித்துல ஏன் புளியைக் கரைக்கணும்?"

அந்த நாலு நாளைத்தான் அவரால் பிற்பாடு எந்த விதத்திலும் தாண்ட முடியவில்லை. முதல் நாள் குழந்தை வேலியில் நின்று கூப்பிட்டது. "கோழி லீவுல போயிருக்கு" என்றார். இரண்டாம் நாள் டாம்சினே எட்டிப் பார்த்து, "எங்ககிட்ட போன வாரத்தது ஏழு முட்டை மிச்சம் இருக்கு, வின்ஸ். கவலைப்படாதீங்க" என்றாள். அவர் தலையாட்டினார். அந்த ஏழு முட்டையையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். கெட்டுப்போயிருக்கும், கொடு என்று ஒரு வார்த்தை போதும். வீட்டுக்குள் போய் ஹீட் கன்னின் கம்பியைச் சுற்றி வைத்தார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

ஐந்தாம் நாள் மருத்துவர் தொலைபேசியில் ஈயம் என்று சொன்னாள். அளவையும் சொன்னாள். மெர்ல் காதில் வாங்கி அதைத் தாளில் எழுதினாள். எழுதிய கையோடு, "நீ போறியா, நான் போகவா?" என்றாள். வின்ஸ் போனார்.

டாம்சின் சீருடையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெயின்ட், கோழி, முட்டை, நாலு நாள். எதையும் மறைக்கவில்லை. அவள் பையைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளா உங்களுக்குத் தெரியுமா?"

"உறுதியாத் தெரியாது."

"சந்தேகம் இருந்துச்சு இல்ல? நேத்துகூட அவளுக்கு ரெண்டு முட்டை வேகவெச்சுக் கொடுத்தேன் வின்ஸ். நேத்து!" அவள் குரல் உயரவில்லை. "நீங்க கொடுத்ததுன்னு யோசிக்காமக் கொடுத்தேன்."

எல்கா உள்ளிருந்து ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டது. டாம்சின் குழந்தையைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் பதினாலு இருந்தது. ஐந்தைத் தாண்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டுமாம். வின்ஸுக்கு முப்பத்தொன்று, மெர்லுக்கு பதினொன்று. பெரியவர்கள் உடம்பு தாங்கும் என்றார் டாக்டர். குழந்தை விஷயத்தை டாம்சின் மெர்லிடம் மட்டும் சொன்னாள்: மருந்து தேவையில்லை, வருவதை நிறுத்தினால் தானாக இறங்கும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், மூளையில் ஏதாவது பாதித்திருக்குமா என்பதை இப்போது யாராலும் சொல்ல முடியாது.

கோழிகள் ஆறும் போயின. சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து மண் எடுத்துப் போனாள். வீட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டி அள்ளினார்கள். மிச்சச் சுவர்களை டேரல் எடுத்துக்கொண்டார். பிளாஸ்டிக்கைச் சுவரடியில் ஒட்டி விரித்து, திருகைப் பாதிக்கும் கீழே வைத்து, முகம் மூடும் மாஸ்க்கோடு, ஈரமாக்கி ஈரமாக்கிச் சுரண்டினார். சாயங்காலம் அதே உடுப்போடு வீட்டுக்குள் போக மாட்டார், வெளியிலேயே கழற்றிப் பையில் போடுவார். ஒரு சுவருக்கு வின்ஸுக்கு ஆனதைவிட ரெண்டு நாள்தான் கூட ஆயிற்று.

"ரெண்டே நாள்" என்றார் வின்ஸ், ஏணியைப் பிடித்துக்கொண்டு.

"விடுப்பா. உனக்குத் தெரியாது."

"நீதானே சொன்னே! பிளாஸ்டிக்கும் கொண்டாந்து போட்டே. தெரியாதுன்னு சொல்றதுக்குக்கூட வழியில்லாமப் பண்ணிட்டே டேரல்."

டேரல் பலகையை மறுபடி ஈரமாக்கினார்.

நவம்பரில் டாம்சின் ஹார்வி பே ஊரில் இருக்கிற தன் அம்மா வீட்டுக்குக் குடிபோனாள். சாமான் ஏற்ற வின்ஸ் உதவிக்குப் போனார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. குளிர்பெட்டியின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார், மறுபக்கத்தை அவள் தம்பி பிடித்தான். போகும்போது மெர்லைக் கட்டிக்கொண்டாள். அவரிடம், "உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றாள்.

மெர்லுக்கு டாம்சினிடமிருந்து எப்போதாவது எல்காவின் ரத்த அளவோடு செய்தி வரும். பதினொன்று. பிறகு எட்டு. எல்கா மழலையர் பள்ளியில் சேர்ந்தபோது நாலு. கூடவே ஒரு வரி: பேச்சு கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, பயிற்சிக்கு அழைத்துப் போகிறோம்.

"இதனாலயா?" என்று கேட்டார் வின்ஸ்.

"தெரியாதாம். சில குழந்தைங்க லேட்டாத்தான் பேசும். என் தம்பி நாலு வயசுல பேசினான்."

"இதனாலயும் இருக்கலாம்."

"இருக்கலாம்" என்றாள் மெர்ல். அவள் அவரிடம் பொய் சொல்கிறவள் அல்ல.

அவர் செய்தியை வாங்கி மறுபடி படித்தார். பதில் எழுத உட்கார்ந்தார். எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் நாலு என்பது நல்ல எண் என்று மட்டும் அனுப்பினார். டாம்சின் அதைப் படித்துவிட்டாள் என்று திரையில் தெரிந்தது. பதில் எதுவும் வரவில்லை. வரும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.