வெள்ளாவி தாங்கிய பேட்ஜ்

திண்டுக்கல் பேகம்பூரில் சைதூன் பீவி ஜாக்கெட்டும் பாவாடையும் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஜமால் முகமதுவுக்குத் தோல் கிடங்கில் வேலை. கல்யாணத்துக்கு முன் அவள் ஆசையாகக் கற்ற எம்பிராய்டரிக்கு அந்தத் தெருவில் கிராக்கி இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு வாய்ப்பு வந்தது. ஊரிலிருந்த பெண்கள் விடுதிப் பள்ளி ஒன்றுக்கு, சட்டைப் பையில் வைத்துத் தைக்கும் பேட்ஜ் வழக்கமாக மதுரையிலிருந்து வரும். அந்த ஜூன் மாதம் வரவில்லை. சைதூன் பழைய பேட்ஜ் ஒன்றைப் பார்த்துத் தைத்து எடுத்துப் போனாள். நீல வட்டத்துக்குள் சிவப்பு விளக்கு. தலைமையாசிரியை ஆரோக்கியம்மாள் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"கடையில வாங்குனது மாதிரியே இருக்கேம்மா. எல்லாப் பிள்ளைகளுக்கும் நீயே தச்சுக் குடுத்துரு."

அந்த மாதம் முழுக்க மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது. கேன்வாஸ் துணியை வட்டச் சட்டத்தில் விறைப்பாக மாட்டி, ஊசிக்கு அடியில் கையால் நகர்த்தி நகர்த்தி அவள் தைப்பதை, வேலை விட்டு வந்த ஜமால் நின்று பார்ப்பான்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள், தெருவில் சலவைக்கு அழுக்குத் துணி எடுக்க வந்த ஒச்சாயி முகம் வீங்கி நின்றாள்.

"அந்தப் பள்ளிக்கூடத்து வேலை போச்சுக்கா. சட்டையெல்லாம் செவப்புக் கறையாம். எங்க வீட்டுக்காரருதான் கண்ட துணியோட சேத்து வேக வச்சுக் கெடுத்துட்டாருன்னு நிப்பாட்டிட்டாக. அவரு ரெண்டு நாளா சோறு திங்கல."

அவள் புருஷன் வீரன்தான் விடுதித் துணிகளை வெளுத்துவந்தவன்.

ஒச்சாயி போனதும் சைதூன் கொஞ்சம் சிவப்பு நூலை அறுத்து, சலவைச் சோடா கலந்த கொதிநீரில் போட்டாள். தண்ணீர் மெல்லச் சிவந்தது. மறுநாளே பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிடப்போவதாக ஜமாலிடம் சொன்னாள்.

"நீயாப் போய்ச் சொன்னா இனி மதுரைக்கே போயிருவாங்க" என்றான் ஜமால்.

"போகட்டுங்க. நான் செஞ்ச தப்புக்கு அந்த மனுசன் பட்டினி கிடக்கிறாரு."

மறுநாள் ஆரோக்கியம்மாளிடம் போய்ச் சொன்னாள். அவர் கறைபட்ட சட்டை ஒன்றை எடுத்துவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு வீரனைத் திரும்ப வேலைக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சைதூனிடம், "நீ வந்து சொன்னது பெரிய விசயம்மா. ஆனா இனிமே உங்கிட்ட வாங்க முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து சைதூன் அழுதாள். ஒரு வாரம் மிஷின் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு காலையில் ஒச்சாயியிடம் மீதமிருந்த பேட்ஜ்களைக் கொடுத்தாள்.

"இதையும் வெள்ளாவியில வேக வச்சு, கல்லுல நல்லா அடிச்சுக் கொண்டா. பாவம் பாக்காத."

சாயம் போனது மட்டுமல்ல, ஓரமும் பிரிந்து வந்தது. சைதூன் சின்னாளபட்டிக்குப் பஸ் ஏறி, சேலை நூலுக்குச் சாயம் போடும் ஒருவரிடம் கெஞ்சி, தன் வெள்ளை நூலை, வெளுத்தாலும் போகாத கெட்டிச் சாயமாகப் போட்டு வாங்கினாள். கேன்வாஸை முதலிலேயே நனைத்து உலர்த்தி, சுருங்கவேண்டியதைச் சுருங்கவிட்டாள். துணியை இரட்டையாக வைத்து, ஓரத்தை இடைவெளி தெரியாமல் நெருக்கித் தைத்த பிறகே வெட்டினாள். அதையும் ஒச்சாயி கொண்டுபோனாள். பிய்ந்த இடத்தைக் கொண்டுவந்து காட்டினாள்; சைதூன் மறுபடி தைத்தாள். தீபாவளி கழிந்து ஒருநாள், நனைந்த பேட்ஜ் ஒன்றை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு கை வலிக்குதுன்னுட்டாருக்கா. இது ஒண்ணும் ஆகல."

பள்ளிக்கூடத்து ஆர்டர் திரும்பி வரவே இல்லை. ஆனால் வீரன் வேறோர் இடத்திலும் துணி எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு தனியார் பஸ் கம்பெனி. டிரைவர், கண்டக்டர்களின் காக்கிச் சட்டையில் இருந்த பேட்ஜ்கள் நாலு வெளுப்புக்கே நைந்துபோவதாக அதன் முதலாளி அவனிடம் சத்தம் போட்டபோது, வீரன் மடியிலிருந்து சைதூனின் பேட்ஜை எடுத்துக் காட்டினான். "இதை நானே அடிச்சுப் பாத்துட்டேங்கய்யா" என்றான்.

அடுத்த வருஷம், குஜிலியம்பாறையில் ஒரு கல்யாணத்துக்காக ஜமாலும் சைதூனும் அந்தக் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டரின் வெளுத்துப் பழசாகிப்போன சட்டையில் சைதூன் தைத்த பேட்ஜ் மட்டும் புதிதாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, எந்த ஊருக்கு டிக்கெட்?" என்றார் கண்டக்டர்.

சைதூனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜமால்தான் பதில் சொன்னான்.