மான் முட்டினால் லீவு

அமீரகத்தில் அல் ஐன் தாண்டி ஓர் அரபியின் தோட்டத்தில் லாரியிலிருந்து புல்கட்டு இறக்குகிறேன். சுற்றிலும் கம்பிவேலி, உள்ளே மான்கள். தானே வளர்த்த மான்களை, ஓட இடமில்லாத வேலிக்குள் விருந்தாளிகளைக் கூட்டிவந்து சுடுகிறார். இதற்குப் பெயர் வேட்டையாம்.

மான்களைப் பார்த்துக்கொள்ளும் சிவகங்கைக்காரன் முருகேசன் என்னைக் கண்டதும் புலம்புகிறான். ஊரில் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் வேட்டை முடிந்தால்தான் லீவு. ஆண்மான்கள் இணை தேடத் தொடங்கினால்தான் வேட்டை. அப்போதுதான் அவை பயம் மறந்து வெட்டவெளியில் மோதிக்கொண்டும் கண்டவரை முட்டிக்கொண்டும் நிற்கும். இந்த வருஷம் வெயில் இறங்கவில்லை. எல்லாம் நிழலில் படுத்து அசைபோடுகின்றன.

"இவனுகளுக்குப் பொண்ணு தேடுற நெனப்பு வந்தாத்தாண்ணே எனக்குக் கல்யாணம்."

"நல்ல பொழப்புடா. கட்டைப் பிடி."

குனிகிறேன். பின்னாலிருந்து ஓர் ஆண்மான் பாய்ந்து தொடையில் முட்டுகிறது. புல்கட்டோடு மணலில் விழுகிறேன். பேன்ட் கிழிந்து ரத்தம் வருகிறது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுகிறேன். முருகேசன் என்னைத் தூக்கக்கூட வரவில்லை.

"முட்டிருச்சு! அண்ணே, முட்டிருச்சு!" என்று குதிக்கிறான்.

"மொதல்ல இதைத்தான்டா சுடச் சொல்லுவேன்."

"போங்கண்ணே, இவன்தான் எனக்கு மாப்பிள்ளைத் தோழன்."

அரபிக்குப் போன் போடுகிறான். அவர் நம்பவில்லை. போனை என் கையில் திணிக்கிறான்.

"யல்லா அர்பாப்!" சீக்கிரம் வாங்க முதலாளி என்று அவர் பாஷையில் கத்துகிறேன். ஒரு மான் முட்டியதைப் பத்து மான் முட்டியதாகச் சொல்கிறேன்.