பீடி போக்கிய வலி

கால் வலிக்குப் பீடிதான் மருந்து என்று நம்பியவர் என் கணவர். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. வீட்டிலிருந்து கடைக்கு அவர் நடந்தே போவார். சில வருடங்களுக்கு முன், பாதி வழியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்க ஆரம்பித்தது. அங்கிருந்த புளியமரத்தடியில் உட்கார்ந்து ஒரு பீடி பற்ற வைப்பார். பீடி தீர்வதற்குள் வலியும் போய்விடும்.

"டாக்டரு எதுக்கு? ஒரு பீடி புடிச்சா கால் சரியாயிடுது" என்பார். நானும் நம்பினேன். வலி ஜாஸ்தியானதும், நடக்கவே வேண்டாம் என்று மொபெட் வாங்கினோம். பக்கத்துத் தெருவுக்குக்கூட அதில்தான் போனார்.

பிறகு செருப்பு கடித்துக் கட்டை விரலில் புண் வந்தது. மஞ்சள் வைத்தேன், ஆறவில்லை. விரல் கறுத்து நாற்றம் எடுத்த பிறகுதான் வேலூருக்கு ஓடினோம்.

"பீடியாலதாங்க ரத்தக்குழாயே அடைச்சிருக்கு. நீங்க உக்காந்ததால வலி போச்சு" என்றார் டாக்டர். வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். பீடியை விட்டு, தினமும் நடந்தால்தான் இடது காலாவது மிஞ்சும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மொபெட்டை விற்றுவிட்டோம். இப்போது தடி ஊன்றிக் கடைக்கு நடக்கிறார். கூடவே நானும் நடக்கிறேன். இடது காலும் பிடித்து இழுக்கிறது. அதே புளியமரத்தடியில் உட்காருகிறோம். சும்மா உட்கார்ந்தாலே வலி போய்விடுகிறது.

"அப்பவும் இப்படித்தான் போயிருக்கு, இல்ல?" என்றார் ஒருநாள். சொல்லும்போதே அவர் கை சட்டைப் பைக்குப் போனது. எல்லாச் சட்டைகளிலும் பையின் வாயைத் தைத்து வைத்திருக்கிறேன்.