அக்காவின் கோல்

தரையில் எனக்குத் திசை கிடையாது; தண்ணீரில் உண்டு. பிறவியிலேயே கண் தெரியாதவளுக்குத் திசை ஏது என்று கேட்பவர்கள், எங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். மின்நிலையத்து வெந்நீர் வந்து கலக்கிற பக்கம் தண்ணீர் கதகதவென்றிருக்கும். கடல் உள்ளே ஏறுகிற பக்கம் சில்லென்றிருக்கும். இடது தோளில் சூடு பட்டால் வீடு வலப்பக்கம். கலீஜ் தண்ணிதான், சாம்பலும் டீசலும் மணக்கும். ஆனாலும் அந்தச் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே மல்லாந்து கிடந்தால் உடம்பு இருப்பதே மறந்துபோகும். அங்கே நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

கனவைக் கலைக்கத்தான் அக்கா இருந்தாளே. காசிமேட்டில் மீன் விற்கிறவள், ஏலக்கூச்சலையே அமுக்கிவிடுகிற தொண்டை. கரையில் நின்றுகொண்டு கத்துவாள்.

"இன்னாடி, அப்டியே சிங்கப்பூர் போறியா? திரும்புடி இந்தாண்ட!"

அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினால் கரை வந்துவிடும்.

பள்ளியில் ஒரு டீச்சர் சொல்லி, நகரத்தின் மறுகோடியில் இருந்த நீச்சல்குளத்துக்குப் போனேன். எண்ணூரில் ரயிலேறி, பீச் ஸ்டேஷனில் மாறி, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு. இறங்கியதும் பகீரென்றது. எந்தப் பக்கம் போனாலும் ஒரே தண்ணீர்! சூடு இல்லை, குளிர் இல்லை, மருந்து நெடி மட்டும். நானும் வீராப்பாக முழு வேகத்தில் போனேன். சுவர் வந்து நெற்றியில் இடித்தது. வழிந்த ரத்தம்தான் அந்தக் குளத்தில் எனக்குக் கிடைத்த முதல் சூடு. அக்கா முந்தானையால் நெற்றியை அழுத்திப் பிடித்தாள், பேசவே இல்லை. அவள் பேசாமலிருந்தது அடிபட்டதைவிட எனக்குப் பயமாக இருந்தது.

பிறகுதான் அங்கே பயிற்சி தருகிற கோச் விளக்கினார். பார்வையில்லாதவர்கள் நீந்தும்போது, சுவருக்கு மேலே ஒருவர் நீளமான கோலோடு நிற்பார். கோல் நுனியில் மெத்தென்று ஒரு பந்து. சுவர் நெருங்கும்போது தலையில் ஒரு தட்டு. தட்டு விழுந்ததும் ஒரே வீச்சில் கையை நீட்டிச் சுவரைத் தொட வேண்டும். நிற்பவர் வாயைத் திறக்கக் கூடாது.

"அக்காவே நிக்கட்டும் சார்" என்றேன்.

"பேசாம நிக்கணுமா? நானா?" என்றாள் அக்கா. கோச்சே சிரித்துவிட்டார்.

லேசாகப் பார்வை உள்ளவர்களும் வருவார்கள், எல்லோரும் சமமாக இருக்கட்டும் என்று போட்டியில் எங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு அக்கா, "உனுக்கு இருக்கிற இருட்டு பத்தலியாமா?" என்றாள்.

நன்றாகத்தான் நீந்தினேன். பாதையைப் பிரிக்கிற கயிற்றை வலது தோளால் உரசிக்கொண்டே போவேன். என் தலை எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து சேரும். ஆனால் போட்டி ஒவ்வொன்றிலும் ஒரு கை தூரத்தில் தோற்றேன். முடிக்கிற நேரத்தில் உனக்குக் கை தளர்ந்துவிடுகிறது என்றார் கோச். என் கைகளை நானே திட்டிக்கொண்டு தூங்கிய இரவுகள் உண்டு. அடுத்தது தேசியப் போட்டிக்கான தேர்வு. இதிலும் தோற்றால் அந்தப் பேச்சையே விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். பயிற்சியில் கோச்சே கோலைப் பிடித்தார். தட்டு விழுந்தது, கையை நீட்டினேன், சுவர்! அப்படியானால் தளர்ந்தது என் கை இல்லை. அக்கா தட்டினால் நீட்டிய கைக்கு வெறும் தண்ணீர்தான் கிடைக்கும். இன்னும் இரண்டு கை போட்டுத் தடவித்தான் சுவரைப் பிடிப்பேன். இத்தனை நாளும் அவள் முன்கூட்டியே தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னா வேலக்கா பண்ணிக்கினு கீறே?"

"நீ செவுத்தாண்ட வந்தாலே அந்த ரத்தம் கண்ணு முன்னாடி வந்துடுதுடி" என்றாள். "கை தானா பூடுது. நான் இன்னா பண்ணுவேன்?"

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். என் அக்காவின் கைக்கு அணைக்க மட்டும்தான் தெரிந்திருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

"அப்போ வேற ஆளப் பாத்துக்கிறேன், போ" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த ஒரு தபா நான் நிக்கிறேன்டி" என்றாள். அந்தக் குரலை அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை. சரி என்றேன். கோச் அவளுக்கு மறுபடியும் இடம் காட்டினார்: கோல் இங்கே நீள வேண்டும், பந்து இவ்வளவு தாழ வேண்டும்.

தேர்வு நாள். விசில் அடித்ததும் குதித்தேன். பாதி தூரத்தில் என்னவோ ஆயிற்று. இடது தோளில் முகத்துவாரத்துச் சூடு படுவது போலிருந்தது. சாம்பல் வாசனைகூட வந்தது. எங்கேயோ என் வீடு இருக்கிறது, அங்கே போகிறேன், அவ்வளவுதான். சுவர் பற்றிய பயம் எதுவும் இல்லை. தட்டு வரவில்லை. இன்னும் வரவில்லை. பிறகு நெற்றியில், பழைய தழும்புக்குச் சற்று மேலே, பந்து மெத்தென்று மோதியது. கையை நீட்டினேன். சுவர் அங்கேயே இருந்தது.

கூச்சலை வைத்தே ஜெயித்தது தெரிந்துவிட்டது. மேலே ஏறியதும் அக்கா கட்டிக்கொண்டாள்.

"சரியா தட்டினியே!" என்றேன்.

காதருகே வந்தாள். "தட்டவே இல்லடி நானு. அவரு காட்டின எடத்துல கோல நீட்டிப் புடிச்சிகினு கண்ண மூடிக்கினேன். நீதான் வந்து முட்டினே."

"லூசாக்கா நீ? கண்ண மூடிக்கினு யாராவது நிப்பாங்களா?"

"நீ மட்டும் கண்ணத் தொறந்துகினா வந்தே?" என்றாள் அக்கா.