நாற்பத்தைந்து வாட் சூடு

ராஜபாய் அக்கா ரத்தம் எடுத்தால் வலிக்காது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் பெயர். ஊசியைக் கண்டாலே அலறும் பிள்ளைகளும், நரம்பு சுருங்கிப்போன கிழவர்களும் அவளுடைய ஷிஃப்டுக்காகக் காத்திருப்பார்கள். லேபில் எனக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. நரம்பை அவள் கண்ணால் தேடிப் பார்த்ததில்லை. இடது ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்து லேசாக அமுக்குவாள், அவ்வளவுதான்.

அவள் புருஷன் ஞானையனுக்குச் சாலை பஜாரில் மின்சாரச் சாமான் கடை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. எங்கள் சபைப் பெண்கள் இந்த இரண்டையும் சொல்லியே அவளைப் பாக்கியவதி ஆக்கிவிட்டார்கள். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் புல்லட். கல்யாணமான நாளிலிருந்து வருஷம் ஒரு தடவை கூட்டாளிகளோடு கிளம்பிவிடுவார். குடகு, கோவா, ஹம்பி. அக்கா வீட்டில் மாமியாரின் படுக்கைத் துணியை அலசிக்கொண்டிருப்பாள். "அடுத்த வாட்டி நாம ரெண்டு பேரும்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போவார்.

மாமியாரை அடக்கம் செய்து வருஷம் திரும்பியதும், நாற்பத்துமூன்று வயதில், அக்கா தானே வாய்விட்டுக் கேட்டாள். லடாக் போகவேண்டும், கூட்டாளிகள் யாரும் வேண்டாம். அவர் சரி என்றதும் மறுநாள் லேபில் என்னிடம் சொன்னாள்.

"ஒரு வாட்டியாவது அவரு போற எடத்துக்கு அவருகூட நானும் போணும்டி. வேற ஒண்ணும் வேண்டாம்."

இதைவிடக் குறைவாக ஒருத்தி என்ன கேட்டுவிட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தணுப்பு என்றால், டிசம்பர் விடியற்காலையில் ஆராதனைக்குப் போகும்போது காதைச் சுற்றிக் கட்டும் துண்டு. அவ்வளவுதான் அனுபவம். லடாக்கின் குளிரைப் பற்றி யோசிக்க வைத்தவன் அக்காவின் அக்கா மகன் பிரஜின். சிகாகோவில் வேலை, அங்கே பனியிலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். வண்டி பேட்டரியிலிருந்து வயர் இழுத்துச் சூடேற்றிக்கொள்ளும் உடுப்புகள் அங்கே கிடைக்கும் என்று சொல்லி, 2006 கிறிஸ்துமஸுக்கு வரும்போது இரண்டு வகை கொண்டுவந்தான். கையில்லாத கோட் ஒன்று, கையுறை இரண்டு ஜோடி. பிடித்ததை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தந்தால் திரும்பப் போகும்போது கடையில் கொடுத்துவிடலாம், அங்கே அப்படி ஒரு வசதி. சபையில் அந்தக் கோட்டுக்குக் கரண்டு பனியன் என்று உடனே பெயர் விழுந்துவிட்டது.

ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று நான் கேட்டேன். ஞானையன் கடைக்காரர் அல்லவா, விரல்விட்டு எண்ணிச் சொன்னார். வண்டி பழையது. ஹெட்லைட்டும் எஞ்சினும் தின்றது போக மிஞ்சுவது சுமார் நாற்பத்தைந்து வாட். பனியன் ஒன்று போட்டால் அது தீர்ந்தது. இல்லையென்றால் அதே கரண்டில் இரண்டு ஜோடிக் கையுறையும் ஓடும். மீறினால் பேட்டரி இறங்கி வண்டி நடுவழியில் நின்றுவிடும். ஒன்று, ஒருவருக்குப் பனியன். அல்லது, இருவருக்கும் கையுறை.

"கிளவுஸ் எடுங்க சித்தி. வெரலுதான் மொதல்ல போகும்" என்றான் பிரஜின்.

"ஒடம்பு சூடா இருந்தா ரத்தம் வெரலுக்குத் தானா போகும்டே. நெஞ்சைத்தான் காக்கணும்" என்றார் ஞானையன்.

அவன் சொன்னதும் சரி, இவர் சொன்னதும் சரி. யாருடைய நெஞ்சு என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

பரீட்சை செய்து பார்த்துவிடலாம் என்று விடியற்காலையில் பக்கத்து மலையிலிருக்கும் போனக்காட்டுக்குப் போனார்கள். எங்களுக்குத் தெரிந்த குளிர் அதுதானே. தேயிலைத் தோட்டத்துப் பாதையில் மஞ்சு இறங்கியிருந்தது. முதலில் ஆளுக்கொரு ஜோடிக் கையுறை. ஐந்து நிமிஷத்தில் உள்ளங்கை வேர்த்து வழிந்து இரண்டு பேரும் கழற்றிவிட்டார்கள். பிறகு ஞானையன் பனியனைப் போட்டு, மேலே ஒரு பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டார். அக்கா பின்னால் உட்கார்ந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

அவர் முதுகுச் சூடு சட்டை வழியாக இவள் நெஞ்சுக்கு வந்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவரை அப்படிக் கட்டிப்பிடித்து உட்கார்ந்ததில்லை. மலை இறங்கும் வரை கையை எடுக்கவில்லை என்று என்னிடம் சொல்லும்போது அக்கா முகம் சிவந்துபோனது.

"கண்டியா ராஜி, ஒண்ணு போட்டா ரெண்டு பேருக்கும் கிட்டும்" என்றார் அவர். அவளும் ஆமாம் என்றாள். கையுறைகளைப் பிரஜின் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அந்த முட்டாள்தனத்தில் அவளுக்கும் பங்கு உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனால் அவள் தேர்ந்தெடுத்தது பனியனை அல்ல, அவர் முதுகை.

ஜூனில் வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மணாலியில் ஞானையன் தடித்த தோல்கோட் ஒன்று வாங்கிப் பனியனுக்கு மேல் மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட், கம்பளிக் கையுறை.

இரண்டாம் நாள் கணவாய் ஏறும்போது மழையும் பனியும் கலந்து அடித்தது. கம்பளிக் கையுறை நனைந்து ஈரத்துணி ஆயிற்று. அக்கா அவரைக் கட்டிப்பிடித்தாள். தோல்கோட்டுக்கு மேலே பனித்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தாள், கல்லில் வைத்தது போல இருந்தது. உள்ளே இருக்கிற சூடு வெளியே போகக் கூடாது என்றுதானே அந்தக் கோட். துளிகூடப் போகவில்லை.

முதுகைத் தட்டினாள். பனிமலையைக் காட்டுகிறாள் என்று நினைத்து அவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். ஒரு வளைவில் லாரிகளுக்காக வண்டி நின்றபோது கேட்டாள்.

"கை மரத்துப்போச்சு. கொஞ்ச தூரம் அந்தப் பனியனை எனக்குத் தாங்க."

"ஓட்டுறவன் வெறச்சுப்போனா ரெண்டு பேரும் பள்ளத்துலயாக்கும் கெடப்போம். நீ என்னைக் கெட்டியாப் பிடிச்சுக்க. போனக்காட்டுல கிட்டினதுல்லா?"

"இங்க கிட்டல்ல."

"கிட்டும். கெட்டியாப் பிடி."

பொய் சொல்லவில்லை அவர். மனதார நம்பித்தான் சொன்னார். எனக்கு ஆத்திரமே அங்கேதான். பொய்யாக இருந்தால் ஒரு சண்டையில் முடிந்திருக்கும். தனக்குச் சுட்டால் அவளுக்கும் சுடும் என்று நம்புகிற மனிதரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

மலைக்கு அந்தப் பக்கம் ராணுவக் கூடாரத்தில் ஒரு டாக்டர் அவள் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி வைத்தார். ஞானையன் பதறிப்போய்விட்டார், அதையும் சொல்ல வேண்டும். அன்று மட்டும் பனியனைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டார். வண்டி நின்றுகொண்டிருந்தது, வயரில் கரண்ட் இல்லை.

ஊருக்கு வந்த பிறகு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, புதுத்தோல் வந்தது. பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் இடது ஆள்காட்டி விரலுக்கு நரம்பு தட்டுப்படவில்லை. முதல் நாள் ஒரு கிழவருக்கு மூன்று இடத்தில் குத்திவிட்டு ஊசியை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். இப்போது மற்றவர்கள் எடுத்துத் தரும் ரத்தக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டுகிறாள். ஞானையன் மருந்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. நேரம் தவறாமல் விரலுக்குத் தைலம் போட்டுவிடுகிறார்.

செப்டம்பரில் சபை ஹாலில் அவருடைய பயணப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அந்தப் பனியனையும் கொண்டுவந்து தூக்கிக் காட்டினார்.

"கடவுள் கிருபையால எனக்கு ஒரு எடத்துலயும் தணுக்கல்ல, கேட்டுதா? ஒருத்தருக்கு உள்ள சூட்டுல ரெண்டு பேரு மலை ஏறி எறங்கினோம். குடும்பம்னா அதாக்கும்."

கைதட்டினார்கள். போதகர்கூடத் தலையாட்டினார். என் பக்கத்தில் அக்கா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாடகர் குழுவிலிருக்கும் ஜெஸ்லின் முன்வரிசையிலிருந்து திரும்பி ஆசையாகக் கேட்டாள்.

"அத்தே, நீங்க சொல்லுங்க. பயங்கர தணுப்பா அங்க?"

"எனக்கு எப்படித் தெரியும் மக்ளே" என்றாள் அக்கா, ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த வாட்டியும் நான் இல்லாமத்தான் அவரு போனாரு."

படமெல்லாம் எடுத்தது அவள். அதனால் ஒரு படத்திலும் அவள் இல்லை. அதைத்தான் கேலி செய்கிறாள் என்று ஹால் முழுவதும் சிரித்தது. ஞானையனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைப் போட்டார்.