மெலிந்திருந்தபோது எடுத்த படம்

எங்கள் சபைச் செயலர் பொய் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம், அறிவிப்பு வாசிக்கும் இடத்தில் நின்று மைக்கில் சொன்னார்: "உகாண்டாவுல நம்ம சபை தாங்கின பிள்ளை கர்த்தருடைய கிருபையால படிப்பை முடிச்சிற்று. இனி வேற ஒரு சின்னப் பிள்ளைய ஏத்துக்கிடுவோம்." எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அவள் படிப்பை முடிக்கவில்லை. இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூடம் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், கமிட்டிக்கும் தெரியும்.

நான் இரணியலில் தையல் கடை வைத்திருக்கிறேன். எழுத்து என் வேலை இல்லை. பகல் முழுக்க மிஷின் மிதித்த காலோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சண்டை போடத் தெம்பில்லை. சும்மா இருக்கவும் முடியவில்லை.

ஓர் ஊழியத்தின் வழியாக எங்கள் சபை அந்தப் பிள்ளையை ஏற்றுக்கொண்டபோது அவளுக்கு ஆறு வயது. தகப்பன் இல்லை. வந்த முதல் படத்தில் விலா எலும்பு தெரிய ஒரு மண்சுவர் பக்கத்தில் நின்றாள். பெண்கள் ஐக்கியத்தில் நாங்கள் உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்து, அவள் பேரைச் சொல்லி ஜெபித்தோம். அந்த அரிசியை விற்ற பணமும் அவளுக்குத்தான். அது போதாதென்று அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் பலாப்பழங்களில் ஒன்றை அவளுக்கென்று ஏலம் விடுவோம். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார், திரும்ப மேசையில் வைப்பார். அடுத்தவர் எடுப்பார். அவரும் வைப்பார். ஏலம் கூவுவது செயலர். ஒரு கையில் மைக், மறு கையில் அந்தப் படம்.

இந்த வருடம் பண்டிகைக்கு முன்னால் புதுப் படம் என் போனுக்கு வந்தது. ஐக்கியத்துக்கு நான்தான் பொறுப்பு. கன்னம் உப்பி, தலை நிறையப் பின்னல் போட்டு, பள்ளி ஹாஸ்டல் வாசலில் யூனிபாரமும் சூவுமாகப் பல் தெரியச் சிரிக்கிறாள். எனக்கு வயிறு நிறைந்தது போல இருந்தது. ஸ்டுடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் செயலரிடம் கொடுத்தேன்.

"இது ஆருக்க படம்?"

"நம்ம பிள்ளைதான் அண்ணே."

"நல்லா தின்னு கொழுத்துல்லா இருக்கா. இத வச்சி எப்பிடிப் பிள்ளே ஏலம் விளிக்க?"

அதை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டார். பண்டிகையன்று ஏலத்தில் பழைய படத்தையே எடுத்துப் பிடித்தார். "பாருங்க மக்கா, பிள்ளைக்க எலும்ப எண்ணலாம்! ஒரு தரம்..."

நான் எழுந்து நின்றேன். "அண்ணே, அது ஆறு வயசுல எடுத்த படம். இப்ப அவ வளந்த பிள்ளை. அதையும் சொல்லுங்க."

"ஏலத்தக் கெடுக்காத பிள்ளே, இரி."

பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்: "தடிச்ச ஆளுக்குத்தான தையக்கூலி கூடுதலு! அதாக்கும் அக்கா தடிச்ச படத்தக் கேக்கா." சிரிப்பு. அந்தக் கேலி சொன்னவளே, புதுப் படத்தைக் காட்டுங்க பாப்போம் என்று என் போனை வாங்கினாள். அது கைக்குக் கை மாறியது.

"எனக்க மவளுக்கே இப்பிடி ஒரு சூ இல்ல கேட்டியா."

"இவளுக்கா நாம அரிசி புடிச்சி வச்சோம்?"

பழம் மேசையிலேயே இருந்தது. செயலர் தொண்டை வறளக் கூவியும் ஏலம் கேட்க ஆள் இல்லை.

அன்றைக்கே கமிட்டி கூடி அவளை விட்டுவிடத் தீர்மானித்தது. கேள்விப்பட்டு நான் போய்க் கேட்டேன். "இன்னும் ஒரு வருசம் கெடக்கே அண்ணே. தாங்க ஆளில்லேன்னா ஹாஸ்டல்ல இருந்து எறக்கி விட்டுருவாங்க."

"வேற ஆராவது தாங்குவாங்க. நமக்கு ஒரு சின்னது, மெலிஞ்சது, அது போதும்."

சந்தையில் கோழி பார்க்கிறவன்கூடக் கொழுத்ததைத்தான் கேட்பான்.

இத்தனை வருடம் நாம் என்ன ஜெபித்தோம்? இந்தப் பிள்ளை வயிறாரச் சாப்பிட வேண்டும், படிக்க வேண்டும், சிரிக்க வேண்டும் என்றுதானே? கர்த்தர் கேட்டார், கொடுத்தார். நம் ஜனத்துக்கு அது பிடிக்கவில்லை. கொடுத்த கைக்குக் கீழே எப்போதும் ஒரு எலும்புக்கூடு நிற்க வேண்டும் போலிருக்கிறது. இதற்குப் பேர் விசுவாசம் என்றால் எனக்கு அலுத்துவிட்டது.

நேற்றும் உலை வைத்தேன். பிடி அரிசியை எடுத்து வைத்தேன். யாருக்கென்று சொல்லி ஜெபிப்பது? பேர் தெரியாத அந்த மெலிந்த பிள்ளைக்கா? அதுவும் ஒருநாள் கொழுக்குமே, அப்போது அதையும் விட்டுவிடுவோமா?

செயலரே, உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். வருகிற ஞாயிறு, சபை கலைவதற்கு முன், டிராயரில் கிடக்கும் படத்தை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடியுங்கள். மைக்கில் பதில் சொல்லுங்கள்: இந்தப் பிள்ளை படிப்பை முடித்தாளா, இல்லையா? இல்லையென்றால், அவளை ஏன் விட்டோம்?